மங்குக்குப் போட்ட களிம்பை நிறுத்தினால் முகம் எரிகிறது

திண்டுக்கல்_பூட்டு | மார்ச் 4, இரவு 10.40

இதுவரை இங்கே படித்துவிட்டுப் போனவள்தான், எழுதுவது முதல்முறை. வயது 38. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரு கன்னங்களிலும் மங்கு விழுந்தது. வீட்டில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. விசேஷ வீடுகளில்தான் சொன்னார்கள். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே "முகம் ஏனம்மா இப்படிக் கறுத்துவிட்டது?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு ட்யூபின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. என்ன போடுகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அந்தப் பெயரைச் சொன்னேன்.

மூன்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது இரண்டு நாள் தடவாவிட்டால் மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் துடைத்ததுபோல எரிகிறது. அடுப்படியில் நிற்க முடிவதில்லை. சிறு சிறு பருக்கள், கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், தாடையில் பூனைமுடி. மறுபடி தடவினால் காலைக்குள் அடங்கிவிடுகிறது. மங்கு மட்டும் முன்பைவிட அழுத்தமாக இருக்கிறது.

வைகாசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதுவரை இதையே போட்டுக்கொண்டு, பிறகு நிறுத்தலாமா? பார்லரில் முகம் வெளுக்க ஊசி போடலாம் என்கிறார்கள். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவாரம்பூ | மார்ச் 4, இரவு 11.05

ரசாயனத்தை எல்லாம் தூக்கிப் போடுங்கள் சகோதரி. எலுமிச்சைச் சாற்றில் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்துப் பூசி, இளவெயிலில் பத்து நிமிடம் நில்லுங்கள். எங்கள் பாட்டி காலத்து முறை.

இரவுப்பணி | மார்ச் 5, அதிகாலை 2.15

ஆவாரம்பூ, தயவுசெய்து அந்தக் குறிப்பை நீக்குங்கள். எரிகிற முகத்தில் எலுமிச்சையா? ஆரோக்கியமான தோலிலேயே எலுமிச்சைச் சாறு பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும், அது ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். எலுமிச்சைக்குள் இருக்கும் ஒரு பொருள் சூரியனின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. பாட்டி வெயிலில் நிற்கச் சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒட்டுவேலை பிற்காலத்தது.

மருந்துக்கடை_முருகு | மார்ச் 5, காலை 7.30

அம்மா, ட்யூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். முன்பக்கப் பெயர் வேண்டாம்.

திண்டுக்கல்_பூட்டு | மார்ச் 5, காலை 9.10

ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் போட்டிருக்கிறது. சிவப்புக் கோடும் இருக்கிறது, அதன் அருகே ஏதோ எச்சரிக்கை. கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

மருந்துக்கடை_முருகு | மார்ச் 5, பிற்பகல் 3.20

நினைத்தேன். மூன்றாவதாக நீங்கள் எழுதியதுதான் ஸ்டீராய்டு. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், கிளோபீட்டாசால் என்று "சோன்", "சால்" என முடியும் பெயர்கள் களிம்பில் இருந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ("சோல்" என்று முடியும் பூஞ்சை மருந்துகள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கடை வைத்து 22 வருடங்கள் ஆகின்றன. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த மாதிரி ட்யூபை நானும் விற்றிருக்கிறேன். மருத்துவர் சீட்டு எங்கே என்று கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அடுத்த கடையில் கிடைக்கும். வாடிக்கையாளர் போனால் அவர் வீட்டு நீரிழிவு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாமே அவரோடு போய்விடும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் மாறியதால் கடை வாசலில் நின்ற வரிசை மாறிவிடவில்லை. படர்தாமரைக்கும் இதுதான், பருவுக்கும் இதுதான், மங்குக்கும் இதுதான், குழந்தையின் தொடைப் புண்ணுக்கும் இதுதான். ஒரே ட்யூபை வீடு முழுவதும் பயன்படுத்துவார்கள். படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு மறுநாளே நிற்கும். பூஞ்சையோ உள்ளே நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். வட்டம் கலைந்து என்ன நோய் என்றே தெரியாத நிலையில் மருத்துவரிடம் போவார்கள்.

மருந்தைக் குறை சொல்லவில்லை. சரியான இடத்தில், சரியான நாள் கணக்கில் போட்டால் இதைப்போல் வேலை செய்யும் களிம்பு குறைவு. நீங்கள் போட்ட மூன்றும் சேர்ந்த கலவையையும் தோல் மருத்துவர்கள் மங்குக்கு எழுதித் தருவதுண்டு. ஆனால் வாரக் கணக்கில், வழக்கமாக எட்டு வாரங்கள், அதுவும் கண்காணிப்பில். நீங்கள் மூன்று வருடங்கள் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பத்து நாள் பளிச்சு இருக்கிறதே, அதுதான் தூண்டில்.

தஞ்சை_தோல் | மார்ச் 5, இரவு 9.50

நான் தோல் மருத்துவர். முகத்தைப் பார்க்காமல் இங்கே சிகிச்சை எழுதித் தர மாட்டேன், அதனால் மருந்தின் பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். என்ன நடந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

முகத்தின் தோல் மெல்லியது. உள்ளங்கையைவிடப் பல மடங்கு மருந்தை உறிஞ்சும். ஸ்டீராய்டு முதலில் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அழற்சியை அடக்குகிறது. அதனால்தான் அந்த வெளுப்பு. மாதங்கள் போகப்போகத் தோலைத் தாங்கி நிற்கும் நார்கள் மெலிந்து, உள்ளே இருக்கும் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. உங்கள் சிவப்பு நூல்கள் அவைதான். பருவும் பூனைமுடியும் அதே மருந்தின் விளைவுகள். இமைப் பக்கம் வருடக்கணக்கில் தடவியவர்களுக்குக் கண் அழுத்தமும் புரையும் வந்ததுண்டு. அந்தப் பக்கம் தடவியிருந்தால் கண் மருத்துவரையும் பாருங்கள்.

நிறுத்தியதும் எரிவது ஏன்? இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. களிம்பு போட்டதும் அடங்குவதால், "களிம்புதான் என்னைக் காப்பாற்றுகிறது, நிறுத்தினால் நோய் வருகிறது" என்று தோன்றும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி என்று எதுவும் இல்லை. சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்வோம், சிலருக்கு வீரியம் குறைந்ததற்கு மாற்றி மெல்ல இறக்குவோம், இடையில் எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுப்போம். வாரங்களிலும் முடியலாம், பல மாதங்களும் ஆகலாம். முதல் மூன்று வாரங்கள் கொடுமையாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் அனுப்பினால் பத்தாம் நாளே பழைய ட்யூபிடம் திரும்பிவிடுவார்கள்.

வைகாசிவரை தொடரலாமா என்று கேட்டீர்கள். கூடாது. நாளையே போய்ப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, திண்டுக்கல்லிலேயே கல்லூரி வந்துவிட்டது. தனியாரிடம் போனால் பெயருக்குப் பின்னால் எம்.டி. தோல் மருத்துவமா, தோல் மருத்துவப் பட்டயமா என்று பாருங்கள். "அழகியல் நிபுணர்" என்பது படிப்பு அல்ல.

வெளுக்கும் ஊசி என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் குளுட்டாதியோன். நரம்பு வழியாக ஏற்றித் தோலை வெளுக்கலாம் என்பதற்கு இந்தியாவில் ஒப்புதல் இல்லை. பிலிப்பைன்ஸ் உணவு, மருந்து நிர்வாகம் சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பையும், தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையையும் குறிப்பிட்டு மக்களை எச்சரித்திருக்கிறது. அழகு நிலையத்து நாற்காலியில் நரம்பூசி எதற்காகவும் கூடாது.

பூம்பொழில் | மார்ச் 6, காலை 10.00

டாக்டர், மன்னிக்கவும், இழைக்குள் நுழைகிறேன். என் மகளுக்கு 14 வயது. கழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அதற்கும் இந்தக் களிம்பைத்தான் கடையில் கொடுத்தார்கள்.

தஞ்சை_தோல் | மார்ச் 6, பிற்பகல் 1.40

தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் கறுக்கும். வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். எடை, சர்க்கரை, மாதவிடாய் ஒழுங்கு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். களிம்பை ஓரமாக வையுங்கள். குழந்தையை அழுக்கு என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி_மேசை | மார்ச் 6, மாலை 5.30

பதினாறு வருடங்களாக அழகு நிலையம் நடத்துகிறேன். எல்லாப் பழியும் எங்கள் தலையில் விழுகிறது. இந்த அம்மாவின் முகத்தைக் கெடுத்தது பார்லரா? மருந்துக்கடையும் பக்கத்து வீடும். அதையும் சொல்லுங்கள்.

சரி, என் பக்கத்து உண்மையையும் சொல்கிறேன். ஊசி, லேசர் எதையும் நான் தொடுவதில்லை. லேசர் இயந்திரத்தை மாத வாடகைக்குத் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள், இரண்டு நாள் பயிற்சியாம். நம் நிறத்துக்குத் தவறான அளவில் வைத்தால் தோலின் கறுப்பு நிறமிதான் முதலில் சூட்டை வாங்கும். கட்டம் கட்டமாகக் கருகிய கன்னத்தோடு பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்து அழுதிருக்கிறாள், நான் செய்யாத வேலைக்கு.

ஆனால் முடி நேராக்குதல் செய்தேன். கெரட்டின் என்று பெயர். சில மருந்துகளைத் தலையில் தடவிச் சூடான இரும்பை வைத்ததும் கண்ணைக் கரிக்கும் புகை வரும், அது ஃபார்மால்டிஹைடு. வாடிக்கையாளர் வருடத்துக்கு இரண்டு முறை முகர்கிறார், நானும் என் பெண்களும் வாரத்துக்கு நான்கு முறை. இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறகு "ஃபார்மாலின் இல்லாதது" என்று புதிதாக ஒன்று வந்தது. நிம்மதியாக வாங்கினேன். அதில் கிளையாக்ஸிலிக் அமிலம்.

இரவுப்பணி | மார்ச் 7, அதிகாலை 3.05

கண்ணாடி_மேசை அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த செய்தி அதே அமிலத்தைப் பற்றியதுதான். துனிசியாவைச் சேர்ந்த 26 வயதுப் பெண். 2020, 2021, 2022 என மூன்று முறை ஒரே நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, முதுகுவலி, சிறுநீரக பாதிப்பு. தலையில் எரிச்சலும் புண்ணும். மருத்துவர்கள் அந்தக் களிம்பை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தார்கள். எலிகளின் சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் படிகங்கள் தேங்கின. தலையில் தடவியது சிறுநீரகத்துக்குப் போகும் என்று யார் நினைப்பார்கள்?

பாலக்காட்டு_மருமகள் | மார்ச் 7, காலை 8.20

சிறுநீரகம் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் இதைப் பற்றிப் பெரிய பேச்சு. மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 முதல் 2023 வரை சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அதில் அரிதான ஒரு வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். காரணம் பாதரசம். நிறமி உண்டாகும் வேலையைப் பாதரசம் தடுத்துவிடும், முகம் நிஜமாகவே வெளுக்கும். வெளுத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் யாராவது ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் எழுதியே இருக்காது. எழுதியிருந்தால் "கலோமெல்", "மெர்குரி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் பாதரசம்தான். நான் ஐந்து மாதம் பூசியிருந்தேன். கால் வீங்கவில்லை, சிறுநீர் நுரைக்கவில்லை, பரிசோதனையும் சரியாக வந்தது. தப்பித்தேன், அவ்வளவுதான்.

நெற்றி_வெளுப்பு | மார்ச் 8, இரவு 8.15

இங்கே எல்லாரும் வெளுக்க ஆசைப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேண்டாமலேயே வெளுத்தவள். ஸ்டிக்கர் பொட்டு. இருபது வருடங்களாக ஒரே இடத்தில், ஒரே அளவில். முதலில் அரிப்பு, பிறகு பொட்டு அளவுக்கு வெள்ளை வட்டம். அதை மறைக்கக் கொஞ்சம் பெரிய பொட்டு வைத்தேன், வட்டமும் பெரிதானது. அந்தப் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருக்கும்போது அது நிறமிச் செல்களையே கொன்றுவிடுமாம். ரப்பர் செருப்பின் வாரிலும் அதே பொருள் இருப்பதுண்டு என்றார் மருத்துவர். ஊரில் "வெண்குஷ்டம்" என்று ஒரு வருடம் என் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் உண்டு. தொற்றவே தொற்றாத ஒன்றுக்கு! சிகிச்சையில் முக்கால்வாசி நிறம் திரும்பிவிட்டது. இப்போது சாந்து, அல்லது ஒன்றும் இல்லை.

தம்பி_23 | மார்ச் 9, பிற்பகல் 12.10

எனக்கு 23 வயது. முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. ஒரே நாளில் முடி நட்டுத் தருவதாக விளம்பரம் பார்த்தேன், பாதி விலை. பெண் பார்க்கத் தொடங்குவதற்குள் செய்துவிடலாமா?

நெறியாளர் | மார்ச் 9, பிற்பகல் 12.30

இதற்குத் தனி இழை திறந்திருக்கலாம். பரவாயில்லை, இருக்கட்டும்.

சொட்டை_சொக்கன் | மார்ச் 9, இரவு 9.00

தம்பி, என் கதையைக் கேள். 26 வயதில் நட்டேன். முன்னால் அழகாக வந்தது. நட்ட முடி தங்கிவிட்டது, அதன் பின்னால் இருந்த சொந்த முடி தொடர்ந்து கொட்டிக்கொண்டே போனது. நாற்பதில் பார்த்தால் முன்னால் ஒரு வேலி, உள்ளே வெற்று மனை. மறுபடி எடுத்து நடலாம் என்றால் பின்தலையில் இருப்பு குறைவு. அது வங்கிக் கணக்கு மாதிரி, எடுக்கலாம், போட முடியாது. 23 வயதில் உன் சொட்டை எதுவரை போகும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் மருத்துவரைப் பார்த்து, இருப்பதைத் தக்கவைக்க மருந்து உண்டா என்று கேள். மினாக்ஸிடில் போன்றவை நாலைந்து மாதம் கழித்துத்தான் கணக்குக் காட்டும். தொடங்கிய சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்தாதே. பெண் பார்க்கும்போது சொட்டை ஒரு வடிகட்டி. என் மனைவி அதில் தேறி வந்தவர்.

இரவுப்பணி | மார்ச் 10, அதிகாலை 1.45

பாதி விலை என்பதில் எது பாதியானது என்று கேளுங்கள், தம்பி. நான் அறுவை அரங்கில் வேலை செய்கிறேன். முடி நடுவது மணிக்கணக்கில் நடக்கும், மரத்துப்போகும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெயின் என்ற மருந்துக்கு உடல் எடைக்கு ஏற்ற உச்ச அளவு உண்டு: தனியாக என்றால் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், அட்ரினலின் சேர்ந்தால் 7. அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், இதயம் நின்று போகலாம். அந்த நேரத்தில் பிராணவாயு, சரியான மருந்து, அதைச் செலுத்தத் தெரிந்த ஆள் மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன இளைஞர் ஒருவர் இறந்தார். அவரே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூபில் பார்த்துக் கற்றவர்கள் இதைச் செய்யத் தகுதியானவர்கள் அல்லர் என்று எழுதியே அறிவிக்க வேண்டியிருந்தது. அதை எழுத வேண்டிய நிலை வந்ததே, அதை யோசியுங்கள்.

தம்பி_23 | மார்ச் 10, காலை 8.00

முன்பணம் கட்டவில்லை. நன்றி அக்கா, நன்றி அண்ணா.

திண்டுக்கல்_பூட்டு | மார்ச் 19, இரவு 11.30

போய்ப் பார்த்தேன். அரசு மருத்துவமனை. என் வரிசையிலேயே இதே முகத்தோடு மூன்று பேர் நின்றார்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

ட்யூபை நிறுத்தி ஒன்பது நாட்கள். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டேன். நேற்று இரவு மூன்று மணிக்கு எழுந்து குப்பைத்தொட்டியில் அதைத் தேடினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வண்டி எடுத்துப் போயிருந்தது.

மருந்துக்கடை_முருகு | மார்ச் 20, காலை 6.50

நம்புகிறேன் அம்மா. ஈரத்துணி வையுங்கள், அடுப்பு வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: மருந்தால் வந்த பாதிப்பைப் பொதுமக்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசுக்குத் தெரிவிக்கலாம். கடைக்காரர்களுக்குப் பிடிக்காத எண். கூப்பிடுங்கள்.

திண்டுக்கல்_பூட்டு | ஜூலை 2, இரவு 10.05

நீண்ட நாள் கழித்து வருகிறேன். நான்காவது வாரத்தில் எரிச்சல் தணியத் தொடங்கியது. பருக்கள் போயின. சிவப்பு நூல்கள் சில இருக்கின்றன, அவை அப்படியே தங்கக்கூடும் என்று சொல்லிவிட்டார்கள். மங்கும் இருக்கிறது. இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசான தோல் நிறத்தில் இருக்கும் வெயில் களிம்பை இரண்டு விரல் நீளம் எடுத்துத் தினமும் பூசுகிறேன். மங்கைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டாம், வெள்ளைக் களிம்பு மட்டும் அதைத் தடுக்காதாம்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் அதே கேள்வி வந்தது. "மங்கு, அத்தை. சாம்பார் ஊற்றுங்கள்" என்றேன்.

நான் அந்த ட்யூபின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஏழு பேர் என்று கணக்குப் போட்டேன். ஐவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அதில் மூவர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார்கள். ஒருத்தி தொலைபேசியை எடுப்பதில்லை. ஏழாவது ஆள் என் கொழுந்தன் மனைவி. "நீங்கள் வெளுத்து முடித்துவிட்டு எனக்குச் சொல்ல வந்தீர்களா?" என்று கேட்டாள். சண்டை போடவில்லை. அவளுடைய ட்யூபை எடுத்துப் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.

எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் மகள் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணாம். பெயர் தெரியாதாம்.

புதியவள்_91 | ஜூலை 3, காலை 6.15

இரவெல்லாம் இந்த இழையைப் படித்தேன். என்னுடையதில் கிளோபீட்டாசால் என்று மட்டும் இருக்கிறது. நான்கு மாதங்கள். இன்னும் எரியவில்லை. யாராவது விழித்திருக்கிறீர்களா?

மருந்துக்கடை_முருகு | ஜூலை 3, காலை 6.40

இருக்கிறேன் அம்மா. முகத்துக்கா போட்டீர்கள்? எந்தெந்த இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எழுதுங்கள்.